பிள்ளையைப் பார்த்தோம், தாயைப் பார்த்தோமா?



பெத்லகேமில் நிகழ்ந்த பிறப்பைப் பற்றிப் புனித லூக்கா எழுதியிருப்பவை மிகச் சில வரிகளே. பேறுகாலம் வந்தது, குழந்தை பிறந்தது, தாய் அதைத் துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்ற அளவில் அவர் நிறுத்திக்கொள்கிறார். தொப்புள்கொடியை அறுத்தவர் யார், வெந்நீர் வைத்துக் கொடுத்தவர் யார், அந்த இளந்தாய் அன்றிரவு ஒரு வாய் உணவேனும் உண்டாரா என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. இடையர்கள் வந்தார்கள், பின்னர் கீழ்த்திசை ஞானிகள் வந்தார்கள். வந்தவர் அனைவரும் குழந்தையைக் காணவே வந்தார்கள்.

நாமும் அப்படித்தானே செய்கிறோம்? பேறு நடந்த வீட்டுக்குப் பிஸ்கட் பெட்டியும் சவர்க்காரமும் வாங்கிக்கொண்டு போகிறோம். பிள்ளை யாருடைய சாயல், என்ன எடை, என்ன பெயர் என்று கேட்கிறோம். தேநீர் குடித்துவிட்டு எழுந்து வருகிறோம். பாயில் சாய்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம், "உனக்கு எப்படியம்மா இருக்கிறது? இராத்திரி தூங்கினாயா?" என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

மாத்தளை மாவட்டத்தின் தோட்டப்புறங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். எல்கடுவ, இறத்தோட்டை, கந்தேநுவர எனத் தேயிலையும் இறப்பரும் மிளகும் கலந்து கிடக்கும் அந்தச் சரிவுகளில், லயத்துக் காம்பராவொன்றில் மூன்று நாள் பிள்ளையுடன் இருக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். காலையில் பெரட்டுக்குப் போன கணவன் மாலையில்தான் திரும்புவான். மாமியாரும் கொழுந்து எடுக்கப் போயிருப்பார். ஒரு நாள் பேர் விழாவிட்டால் அந்த வீட்டில் அரிசிக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். பக்கத்துக் காம்பராவிலும் ஆளில்லை. பிள்ளை அழுகிறது. தையல் போட்ட இடம் வலிக்கிறது. மார்பு கட்டிப்போய்க் கல்லாகக் கனக்கிறது. தண்ணீர்க் குழாய் லயத்தின் கோடியில் இருக்கிறது. அவளுடைய குற்றமென்று எதுவுமில்லை; ஆயினும், "நான் நல்ல தாயில்லையோ" என்ற எண்ணம் அவளுக்குள் முளைப்பது அந்த மௌனமான பகற்பொழுதில்தான்.

இந்த மண்ணில் நம் தாய்மார் பட்ட பாடு இன்று நேற்றுத் தொடங்கியதன்று. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய கூலி மக்கள் காடு கடந்து, தம்புள்ளை வழியாக நடந்தே மாத்தளையை அடைந்தார்கள். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880ஆம் ஆண்டில்தான். காய்ச்சலும் பேதியும் வழியெங்கும் ஆட்களைக் கொண்டுபோன அந்தப் பாதையில், வயிற்றுப் பிள்ளையோடும் கைப்பிள்ளையோடும் நடந்த பெண்களின் பெயர்களை எந்தப் பதிவேடும் வைத்திருக்கவில்லை. 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. ஆகஸ்ட் 12ஆம் திகதி அது மாத்தளையில் நிறைவுபெற்றது. அந்த வழியில் பிள்ளை பெற்றவர்களையும், பெற்றுப் புதைத்தவர்களையும் அன்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

நன்றியோடு சொல்ல வேண்டியதும் உண்டு. 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 1,500க்கும் அதிகமான தாய்மார் மாண்டார்கள். அண்மைக் காலத்தில் அந்தத் தொகை 30 தொடக்கம் 40 வரை என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. மலேரியா ஒழிப்பு, இலவச வைத்தியசாலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிராமம் கிராமமாக நடந்த மருத்துவமாது ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன. 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவு இதற்கு வித்தாயிற்று. தோட்டங்களுக்கு இந்தப் பயன் தாமதமாகவே வந்து சேர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்று பேறு முடிந்து வீடு திரும்பிய தாயை, முதல் பத்து நாட்களுக்குள் இரு தடவை மருத்துவமாது வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதன் பின்னர் மூன்றாவது வாரமளவில் ஒரு முறையும், 42ஆம் நாளையொட்டி ஒரு முறையும் அவர் வருவார். நம் தோட்டங்களுக்கு வரும் மருத்துவமாது பெரும்பாலும் சிங்களச் சகோதரியாக இருப்பார். அவருடைய அரைகுறைத் தமிழும் நம் பெண்களின் அரைகுறைச் சிங்களமும் சந்திக்கும் இடத்தில் சில செய்திகள் தவறிப்போகின்றன. இரண்டு மொழியும் தெரிந்த அயல்வீட்டுப் பெண்ணொருத்தி அந்த நேரத்தில் உடனிருப்பது பெரிய உதவி. பங்கிலுள்ள இளம் பெண்கள் இதைத் தங்கள் பணியாக எடுத்துக்கொண்டால் என்ன?

இங்கே லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்துக்குத் திரும்புவோம். வானதூதரின் செய்தியைக் கேட்ட மரியாள் என்ன செய்தார்? முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தைத் தேடி மலைநாட்டுக்கு விரைந்து போனார். மலைநாடு என்ற அந்தச் சொல்லை மாத்தளையில் இருந்துகொண்டு வாசிக்கும்போது, அது நமக்கென்றே எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது. அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். அந்த மூன்று மாதத்தில் தண்ணீர் சுமந்திருப்பார், மாவு பிசைந்திருப்பார், வாய் பேச இயலாத சக்கரியாவுக்கும் உணவு பரிமாறியிருப்பார். செபமாலையில் இந்தச் சந்திப்பை மகிழ்ச்சி மறையுண்மையாகச் சிந்திக்கும் நாம், அதை அடுப்பங்கரைப் பணியாகவும் சிந்திக்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இனி, பிள்ளை பெற்ற வீட்டில் நம் பெரியவர்கள் செய்து வருவனவற்றுள் எதைக் காப்பது, எதை விடுவது? மிளகும் இஞ்சியும் பூண்டும் மஞ்சளும் அரைத்துத் தாய்க்குக் கறி வைப்பது நல்லதே. மிளகு விளையும் மாத்தளையில் அதற்கு யாரும் பஞ்சம் சொல்ல முடியாது. ஆனால் "வயிறு போடும்" என்று சொல்லிப் பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது கொடுமை. பிறந்த பிள்ளையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பதும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாகக் கொஞ்சமாக ஊறும் சீம்பால்தான் அக்குழந்தைக்கு ஆண்டவர் வைத்திருக்கும் முதல் உணவு, முதல் மருந்து. அது சிறிதாக இருப்பதைப் பார்த்து, "இவளுக்குப் பாலே இல்லை" என்று வாசலில் நின்று சொல்லும் உறவினரைப் பற்றி எனக்குக் கடுமையாகவே எழுதத் தோன்றுகிறது. பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. அந்தச் சில துளிகள் அதற்குப் போதும். அந்த ஒரு சொல்லால் மனமுடைந்து பால்மாப் பேணியைத் தேடிய தாய்மார் உண்டு. பிள்ளை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கும். முதல் வாரத்தில் சற்று எடை குறைந்து, இரண்டாம் வாரமளவில் பிறந்த எடைக்குத் திரும்பும். இது இயல்பு.

எது இயல்பில்லை என்பதையும் வீட்டிலுள்ள ஆண்கள் உட்பட எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பிள்ளையின் மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, உடல் சுட்டாலோ சில்லிட்டாலோ, காத்திருக்கலாகாது. தாய்க்கு இரத்தப்போக்கு திடீரென அதிகரித்தால், காய்ச்சல் வந்தால், கடும் தலையிடியோடு கண் மங்கினால், அதுவும் அப்படியே. முன்பு தோட்டத்து லொறிக்காகக் கெஞ்ச வேண்டியிருந்தது. 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்பியூலன்ஸை 1990 என்ற இலக்கத்தில் அழைத்தால் கட்டணமின்றி வரும். அந்த இலக்கத்தை வீட்டுக் கதவில் எழுதி வையுங்கள்.

உடலைவிடப் பிடிபடாதது மனம். பேறு முடிந்த மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கு நேர்வதே. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கும். அடங்காமல் நீண்டு, தூக்கம் போய், பிள்ளையைத் தொடவும் மனமில்லாமல், சாவைப் பற்றிய எண்ணம் வருமானால் அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், வளர்முக நாடுகளில் பேறு கண்ட பெண்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இத்தகைய மன நலிவு உண்டாகிறது. இதனைப் பேய்க் கோளாறு என்றோ, விசுவாசக் குறைவு என்றோ சொல்வது பாவம் என்றே நான் கருதுகிறேன். மருந்து உண்டு, ஆலோசனை உண்டு, குணமும் உண்டு. மருத்துவமாதுவிடமோ கிளினிக்கிலோ சொன்னால் போதும்; ஆனால் சொல்லும் பலம் அவளிடம் இல்லாத வேளையில் கணவனே சொல்ல வேண்டும்.

செபிப்பதா, வைத்தியசாலைக்குப் போவதா என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். கண்டி இராச்சியத்தில் உழைத்து 1711இல் கண்டியிலேயே உயிர்நீத்த புனித யோசேப் வாஸ் அடிகளாரை நாம் அறிவோம். 1995இல் கொழும்பில் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டபோது அதற்கென ஏற்கப்பட்ட புதுமை, 1938இல் கோவாவில் ஆபத்துக்குள்ளான ஒரு பிரசவத்தைப் பற்றியது. அன்று நலமாகப் பிறந்த குழந்தை வளர்ந்து ஒரு குருவானவரானார். 2015இல் வாஸ் அடிகளார் புனிதரானார். அவரிடம் மன்றாடிக்கொண்டே கிளினிக்குக்குப் போங்கள். அவர் தாமே 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சி, புண் கழுவிப் பணி செய்தவர்.

மரியாளும் யோசேப்பும் நாற்பதாம் நாளில் குழந்தையை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது, ஏழைகளின் காணிக்கையாகிய இரு புறாக்களையே கொடுத்தார்கள். ஓர் ஆட்டுக்குட்டிக்கு அவர்களிடம் வசதியில்லை. லேவியர் நூலின் அந்தச் சட்டத்தையும் நம் ஊர்ப் பழக்கத்தையும் சேர்த்து வைத்து, "தீட்டு" என்று சொல்லித் தாயை ஒதுக்குவோர் உண்டு. தீட்டு என்ற சொல்லைக் கைவிடுவோம். ஓய்வு என்பதைக் கைவிட வேண்டாம். அந்த நாற்பது நாள் அவளுடைய உரிமை. பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்லும் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் நிற்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அலைந்த தலைமுறைகளைக் கண்ட நம் மக்கள் அதைத் தள்ளிப்போடவே கூடாது. தொழில் செய்யும் தாய்க்குச் சட்டப்படி 84 வேலை நாட்கள் மகப்பேற்று விடுமுறை உண்டு. மூன்றாவது பிள்ளைக்கும் அதே அளவு விடுமுறை என 2018இல் திருத்தப்பட்டது. வேலைக்குத் திரும்பிய பின்னும், பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பாலூட்ட நாளொன்றுக்கு இரு இடைவேளைகள் உண்டு. பிள்ளைக் காம்பரா இருக்கும் தோட்டத்தில் அரை மணித்தியாலம், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். கேட்டுப் பெறுங்கள்.

ஞானஸ்நானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த சில வாரங்களுக்குள் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் திருச்சபைச் சட்டம் பெற்றோரைப் பணிக்கிறது. உயிராபத்தில் தாமதம் கூடாது. அவ்வேளையில் தாதியோ, அயலவரோ, எவராயினும், திருச்சபை கருதும் கருத்தோடு தண்ணீர் ஊற்றி மூவொரு கடவுளின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கலாம். அதற்கும் வழியின்றிப் பிள்ளையை இழந்த தாய்மார் இதை வாசிக்கக்கூடும். அத்தகைய குழந்தைகள் இறைவனின் இரக்கத்தில் மீட்படைவார்கள் என நம்பத் தக்க காரணங்கள் உண்டு என்று அனைத்துலக இறையியல் ஆணைக்குழு 2007இல் வெளியிட்ட ஏடு விளக்குகிறது. உங்கள் பிள்ளையின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றத் தயங்காதீர்கள்.

ஆபத்தில்லாத பிள்ளைக்கு நாள் குறிக்கும்போது, நல்ல மண்டபம் கிடைக்கிறதா, வெளிநாட்டு மாமா வருகிறாரா என்று பார்க்கிறோம். 1969இல் புதுப்பிக்கப்பட்ட குழந்தைத் திருமுழுக்குச் சடங்குநூலோ, பிள்ளையின் நலனை முதலில் கருதும்படியும், அடுத்துத் தாயின் உடல்நிலையைக் கருதும்படியும், கூடுமானவரை அவளும் சடங்கில் பங்குபெற வேண்டும் என்றும் சொல்லுகிறது. அதற்கு முன் பல காலம், தாய் வீட்டில் படுத்திருக்கப் பிள்ளையை ஞானத்தாய் ஏந்திக்கொண்டு கோவிலுக்குப் போவதே வழக்கமாயிருந்தது. இன்று அவள் பிள்ளையைக் கையில் ஏந்தியபடி பீடத்தருகே நிற்கிறாள். சடங்கின் முடிவில் குருவானவர் ஆசீர் வழங்கும்போது கவனித்துப் பாருங்கள்: முதலில் தாய்க்கு, அதன்பின் தகப்பனுக்கு, அதன்பின்தான் நமக்கெல்லாம்.