புங்கனூர் குட்டை மாடுகள்: எண்ணிக்கை பெருகினால் மட்டும் போதுமா?

சித்தூர் வட்டாரத்தின் புங்கனூர் குட்டை மாடுகளைப் பிரதமர் நரேந்திர மோடி தமது இல்லத்தில் பராமரித்து, 2024 ஜனவரியில் சங்கராந்தியன்று அவற்றுக்குத் தீவனம் அளித்த காட்சிகள் வெளியானபின், இவ்வினம் நாடெங்கும் அறியப்பட்டது. அருகிவந்த இனத்துக்கு இது நற்செய்தியே. எனினும், உருவத்தில் மிகச் சிறிய ஓரிரு பொலிகாளைகளைக் கொண்டே மந்தையைப் பெருக்கினால், பரம்பரை நோய்கள் தலைதூக்கும் அபாயம் உண்டு.

நோய் வெளிப்படுவது எப்படி?

கன்று ஒவ்வொரு மரபணுவிலும் ஒரு பிரதியைத் தாயிடமிருந்தும் மற்றொன்றைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. பல பரம்பரை நோய்களில், ஒரு பிரதி பழுதானாலும் மற்றது ஈடுசெய்துவிடும். மாடு நலமாகவே தோன்றும். பழுதான பிரதியைச் சுமக்கும் காளையும் பசுவும் இணைந்தால், கன்று நோயுற்றுப் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உறவுள்ள மாடுகள் ஒரே பழுதைச் சுமப்பது எளிது.

ஹோல்ஸ்டீன் தந்த பாடம்

1952-ல் அமெரிக்காவில் பிறந்த 'ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ' என்ற ஹோல்ஸ்டீன் காளையின் வாரிசுகள் உறைவிந்து வழியே பல நாடுகளுக்குப் பரவின. நோய் எதிர்ப்பாற்றலைக் குலைத்துக் கன்றுகளைச் சாகடிக்கும் 'பிளாட்' என்ற குறைபாடும் உடன் பரவியது பின்னரே தெரியவந்தது. இந்திய உறைவிந்து நிலையங்களில் ஹோல்ஸ்டீன் காளைகள் இன்று இதற்காகப் பரிசோதிக்கப்படுகின்றன.

காளைகளின் கணக்கு

100 பசுக்களுக்கு ஒரே காளை எனில், மரபுப் பன்மையில் அம்மந்தை சுமார் 4 மாடுகளுக்கே சமம். உறவில்லாத 15 காளைகள் இருந்தால் இவ்வளவு 52 ஆக உயரும். இது 50-க்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வழிகாட்டுதல்.

வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பலமநேர் ஆராய்ச்சி நிலையம் புங்கனூர் மந்தையைப் பேணி வருகிறது. தனியார் மந்தைகளிலும் ஒவ்வொரு கன்றின் தாய், தந்தை விவரத்தையும் பதிவு செய்தல் அவசியம். கிடேரிகள் பருவத்துக்கு வருமுன் அவற்றின் தந்தைக் காளையை மாற்றிவிட வேண்டும். சினை ஊசி போடும்போதும், விந்து எந்தக் காளையுடையது என்று கேட்டறிவது நல்லது. காளை வாங்குவோர் உயரத்தை அளப்பதோடு, அதன் பூர்வீகத்தையும் விசாரித்தால் மந்தை நலம் பெறும்.