கரட்டோரச் செடிகள் – 9: ஐந்தில் ஒன்று

ஏரியூரிலிருந்து நாகமரைக்குப் போகும் வழியில், மேட்டூர் அணையின் தேக்கம் கண்ணில் படுவதற்கு முன்பே செம்மண் கொல்லைகள் வந்துவிடும். ராகியும் நிலக்கடலையும் கொள்ளும் விளைகிற மானாவாரி பூமி. ஐப்பசி மழை ஓய்ந்து ஒரு வாரமான காலைநேரம். வரப்போரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருவர் நின்று, "என்னங்க தொலைச்சுட்டீங்க?" என்றார். பூவைக் காட்டினேன். "ஓரிதழ் தாமரைங்களா? பிடுங்கிக்கங்க, நெறைய கெடக்குது" என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னே நடந்தார்.

பிடுங்குவதற்கென்றே இருக்கும் செடியாகத்தான் ஓரிதழ் தாமரையை எல்லோரும் பார்க்கிறோம். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கட்டாகக் கிடக்கும். சூரணமாகப் பொட்டலத்தில் வரும். உயிரோடு நிற்கும்போது அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பார்க்காமல் விடக்கூடாத செடி இது.

முழங்காலைக்கூட எட்டாது. பெரும்பாலும் ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு சாண். புல்லோடு புல்லாக நிற்பதால் பூண்டு என்று நினைத்துவிடுவோம். அடித்தண்டைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், கட்டைபோல் கெட்டியாக இருக்கும். நுனி பசுந்தண்டு, அடி மரம். இப்படிப்பட்டதைத் தாவரவியலில் குறும்புதர் என்பார்கள். கோடையில் மேலே காய்ந்துபோனாலும், வேர்த்தலை பிழைத்திருந்தால் மழைக்கு மறுபடி தளிர்க்கும். இலைகள் ஈட்டிபோல் ஒடுங்கியவை, காம்பு இருப்பதே தெரியாது, மாற்றி மாற்றி அமைந்திருக்கும். ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் நூல்போன்ற காம்பில் ஒரே ஒரு பூ.

இனி பூ. ஓரிதழ் என்று பெயர் வைத்திருக்கிறோமே, உண்மையில் இதழ் ஐந்து. கைலென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். மேலே இரண்டு, அரிசி நொய்யளவு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, அரிவாள்போல் வளைந்தவை. இந்த நான்கும் புல்லிவட்டத்தைத் தாண்டி அதிகம் நீளாதவை. ஐந்தாவது மட்டும் கீழ்ப்பக்கம் குறுகிய காம்போடு இறங்கி, மண்வெட்டி இலைபோல் அகன்று விரிகிறது. இளஞ்சிவப்பில் ஊதா ஏறிய நிறம். நடுவில் அடர்ந்த நரம்புக் கோடுகள், எல்லாம் பூவின் தொண்டையை நோக்கியே ஓடுகின்றன. நான்கு இதழ்கள் ஒதுங்கிக்கொள்ள, வரும் பூச்சிக்குப் பலகை போட்டுக் கொடுக்கும் வேலை முழுவதும் அந்த ஒன்றுக்கே. அதைக் கண்டு ஓரிதழ் என்று சொன்னவர்கள் கூர்மையான கண் உள்ளவர்கள்.

அந்தப் பெரிய இதழின் அடி, பின்பக்கமாகச் சிறு பை போலப் புடைத்திருக்கும். உள்ளே ஐந்து மகரந்தத் தாள்கள் சூலகத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய சவ்வு. கீழே உள்ள இரண்டு தாள்களிலிருந்து மட்டும் தேன்சுரக்கும் சிறு முனைகள் பையை நோக்கி நீள்கின்றன. தேனுக்குத் தலையை நீட்டும் பூச்சி அந்த ஆரஞ்சு வட்டத்தை உரசாமல் போக முடியாது.

மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் தொட்டி தொட்டியாகப் பேன்சிப் பூ பார்த்திருப்பீர்கள். இதே பையும் இதே தேன்முனைகளும் அதிலும் உண்டு. இரண்டும் வயலெட் குடும்பம். தாமரைக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. 1753-ல் லின்னேயஸ் இதை வயோலா என்ற பேரினத்தில்தான் சேர்த்தார், அதுவும் இரண்டு பெயர்களில்: ஒன்று என்னியாஸ்பெர்மா, ஒன்பது விதை உடையது, மற்றொன்று சஃப்ரூட்டிகோசா, குறும்புதர். பழைய மூலிகை நூல்களில் வரும் அயோனிடியம் சஃப்ரூட்டிகோசம் இதுவே. 1876-ல் மெல்போர்னில் இருந்த வான் முல்லர் ஹைபாந்தஸ் பேரினத்துக்கு மாற்றினார். 2015-ல் ஆஃப்ரோஹைபாந்தஸ் என்ற புதுப் பேரினமும் வந்துவிட்டது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் முளைக்கும் செடி என்பதால் ஆளாளுக்கு ஒரு பெயர். 'ஒன்பது விதை' மட்டும் எல்லா மாற்றத்துக்கும் தப்பி நிற்கிறது.

அந்த ஒன்பதை எண்ணிப் பார்க்க ஆசை. மிளகைவிடச் சற்றே பெரிய, முற்றிய காய் ஒன்றைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மூன்றாகப் பிளந்து, மூன்று பரிசல்போல் விரிந்தது. பரிசலுக்கு மூன்று விதை, வரிகள் ஓடிய வெளிர்மஞ்சள் முத்துகள். எண்ணி முடிக்கும் முன்பே ஒன்று தெறித்து மடியில் விழுந்தது. பரிசலின் இரு விளிம்பும் காயக் காய உள்நோக்கி நெருக்குகின்றன. நனைந்த புளியங்கொட்டையை இரு விரலுக்கிடையே அழுத்தினால் வழுக்கிப் பாயுமே, அப்படித்தான் விதை பாய்கிறது. இரண்டாவது காயில் ஒன்பதுக்கு மேலேயே இருந்தது. லின்னேயஸின் கணக்கு எல்லாக் காய்க்கும் பொருந்தாது.

ஆடு மேய்த்த அம்மா சொன்னதில் தவறில்லை, அன்று அங்கே நிறையத்தான் கிடந்தது. ஆனால் மருந்துக்குக் கேட்பது சமூலம், அதாவது வேர் முதல் பூ வரை முழுச் செடி. வேரோடு போனால் அடுத்த மழைக்குத் தளிர்க்க மண்ணில் எதுவும் மிஞ்சாது. பச்சைக் காயோடு போனால் விதையும் விழாது. ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கொல்லையில் இதைப் பறிக்க வேண்டி வந்தால், காய்கள் வெடித்து முடியும்வரை பொறுங்கள். ஒரு வரப்பில் பத்துச் செடி இருந்தால் பாதியையாவது விட்டுவையுங்கள்.

அடுத்த வாரம் கொழுஞ்சி.