முருகைக்கற் பாரில் வாழும் வைரசுக்கள்

யாழ்ப்பாணத்தார்க்கு முருகைக்கல் புதிய பொருளன்று. நெடுந்தீவின் கல்வேலிகளும் யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களும் அக்கல்லினால் எழுந்தவை. பழைய வீடுகளின் சுவருக்குரிய சுண்ணமும் அதனைச் சுட்டெடுத்ததே. எனினும், கல்லென நாம் வழங்கும் அப்பொருள் சிற்றுயிர்கள் தம் உடலைத் தாங்குதற்பொருட்டுக் கட்டிய மனை என்பதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அம்மனையில் வாழ்வன யாவை, அவற்றுட் சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் புலப்படாத வைரசுக்கள் ஆற்றும் தொழில் யாது, அதனை அறிஞர் எங்ஙனம் ஆராய்கின்றனர் என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

முருகை ஒரு விலங்கு. பொலிப்பு எனப்படும் அதன் சிற்றுடல் ஒன்றோடொன்று இணைந்து, கல்சியங் காபனேற்றைப் படியவிட்டுப் பாரினைக் கட்டுகின்றது. அதன் இழையத்தின் கலங்களுள்ளே பொன்னிற அல்காக்கள் வாழ்கின்றன. அவை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவின் பெரும் பகுதியை முருகைக்கு ஈகின்றன. முருகை அவற்றுக்கு உறைவிடமும், காபனீரொட்சைட்டும், நைதரசன் சேர்ந்த கழிவுகளும் அளிக்கின்றது. கடனீர் அளவின்றிச் சூடேறின் இவ்வொன்றியவாழ்வு குலைகின்றது. அல்காக்கள் நீங்க, முருகையின் ஒளிபுகும் இழையத்தினூடே வெண்ணிற எலும்புக்கூடு தோன்றும். இதுவே வெளிறல். 1998ஆம் ஆண்டில் இலங்கையின் தென்கரையிலுள்ள இக்கடுவை முதலிய இடங்களின் முருகைகள் இவ்வாறு வெளிறிப் பெரிதும் அழிந்தன.

அல்காவேயன்றி, பற்றீரியாக்களும் பிற நுண்ணங்கிகளும் முருகையின் சீதத்திலும் இழையத்திலும் எலும்புக்கூட்டிலும் குடியிருக்கின்றன. ஆதலின் முருகை என்பது ஒரு தனியுயிரன்று. ஓர் ஊர் எனலாம். ஊரிலுள்ளார் ஒவ்வொருவரையும் பற்றவல்ல வைரசுக்கள் அவ்வூரில் உள. பற்றீரியாவைப் பற்றுவன பற்றீரியாதின்னிகள் எனப்படும். அல்காவைப் பற்றுவன வேறு. விலங்கின் கலத்தைப் பற்றுவன வேறு. கடனீர் ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய ஒரு கோடி வைரசுத் துணிக்கைகள் உண்டு என்பதனை நினைவிற் கொள்வோமாயின், இவ்வூரின் நெருக்கடி ஒருவாறு விளங்கும்.

இவற்றை ஆராய்தல் எளிதன்று. அதற்குக் காரணம் மூன்று. முதலாவது, பற்றீரியாக்கள் அனைத்துக்கும் பொதுவான பரம்பரையலகு ஒன்று உண்டு. அதனைக் கொண்டு அவற்றை இனம் பிரிக்கலாம். வைரசுக்கள் அனைத்துக்கும் பொதுவான அத்தகைய அலகு யாதும் இல்லை. இரண்டாவது, வைரசு உயிர்க்கலத்தினுள்ளேயே பெருகும். முருகையின் கலங்களை ஆய்கூடத்தில் நெடுநாள் வளர்த்தலோ அரிது. மூன்றாவது, ஊரில் உள்ளோர் பலராதலின், கிடைத்த வைரசு எவருக்கு உரியதெனத் துணிதல் கடினம்.

ஆகவே ஆய்வாளர் இருவழிகளைக் கையாள்கின்றனர். ஒன்று, இழையத்தை மிக மெல்லிய படலங்களாகச் சீவி இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் நோக்குதல். இதனால் வடிவமும் இருப்பிடமும் தெரியும், பெயர் உறுதிப்படாது. மற்றையது, இழையத்தை அரைத்து, நுண்டுளை வடிகளினூடே செலுத்தி, சீசியங் குளோரைட்டுக் கரைசலில் மையநீக்கியினாற் சுழற்றி, அடர்த்திக்கேற்பப் படியும் வைரசுக்களைப் பிரித்து, அவற்றின் கருவமிலத்தின் வரிசையை வாசித்தல். இதனால் இனம் ஒருவாறு தெரியும், இருப்பிடம் தெரியாது. அன்றியும், பற்றீரியாவைத் தடுக்கும் வடி பெரிய வைரசுக்களையும் தடுத்துவிடும். ஒரு வழியின் குறையை மற்றைய வழியே நிறைவு செய்தல் வேண்டும்.

2001ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் வில்சனும் அவருடன் ஆய்ந்தோரும், முருகைக்கு உறவினமாகிய கடலனிமனி ஒன்றின் அல்காக்களைச் சூடாக்கியபோது வைரசு போன்ற துணிக்கைகள் வெளிப்படுதலைக் கண்டனர். கலத்தினுள் மறைந்து உறங்கும் வைரசு, வெப்பத்தினால் விழித்துக் கலத்தை அழிக்கக்கூடும் என்னும் கருத்து இதனால் எழுந்தது. 2008இல் றெபேக்கா வேகா தேர்பர் முதலியோர், அவாய்த் தீவின் முருகையினம் ஒன்றனை வெப்பம், அமிலத்தன்மை, மிகுபோசணை முதலியவற்றால் வருத்தியபோது, ஏர்ப்பீசு வகையை ஒத்த வைரசுக்களின் வரிசைகள் மிகுதலை அறிவித்தனர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவார்க்கு, வெளிறலுக்கு வைரசே காரணம் என முடிவு செய்யத் தோன்றும். அது பொருந்துமா?

பொருந்தாது எனக் கொள்ளுதற்கு அண்மைக்கால வரலாறொன்று சான்றாகும். 2014ஆம் ஆண்டில் புளோரிடாவின் மயாமி நகரையடுத்த கடலில், முருகையின் இழையம் உதிர்ந்து போகும் கொடிய நோயொன்று காணப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட இனங்களைப் பற்றிய அந்நோய், பின்னர்க் கரிபியன் கடலெங்கும் பரந்தது. 2021இல், நோயுற்ற முருகைகளின் அல்காக்களுள் நூல் போன்ற வைரசுத் துணிக்கைகள் இருத்தலை இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டிற்று. குற்றவாளி அகப்பட்டான் எனப் பலர் கருதியிருத்தல் கூடும். ஆயின் 2023இல் வெளிவந்த ஆய்வு, அத்தகைய நூலுருத் துணிக்கைகள் நோயற்ற முருகைகளிலும், அந்நோய் சென்றிராத பசிபிக் சமுத்திரத்திலும் உள எனக் காட்டிற்று. மேலும், பற்றீரியாவைக் கொல்லும் அமொட்சிசிலின் மருந்தைப் புண்ணின்மேற் பூச, நோய் பலவிடத்தும் தடைப்படுகின்றது. வைரசின்மேற் செயலற்ற மருந்து நோயைத் தடுக்குமாயின், பற்றீரியாவுக்கும் அதிற் பங்குண்டு எனல் தகும்.

ஓரிடத்தில் இருத்தல் வேறு. அங்கு நேர்ந்த தீங்கிற்குக் காரணமாதல் வேறு. 1937ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் தோமசு இறிவேசு, வைரசு நோய்க்குக் காரணம் எனக் கூறுதற்கு வேண்டிய சான்றுகளை வகுத்தார். நோயுற்றோரிடத்து அவ்வைரசு தொடர்ந்து காணப்படுதல் மட்டும் போதாது. அதனைச் செலுத்தியவிடத்து அதே நோய் தோன்றுதலும் வேண்டும். கட்டுமுருகைகளைப் பொறுத்தவரை இப்படியைக் கடத்தலே பெருந்தடை. நோயுற்ற கலம் தன்னைக் காக்க இயலாமையினால் வைரசு பெருகியதோ, வைரசு பெருகியதனாற் கலம் நோயுற்றதோ என்பதனை எண்ணிக்கை மட்டும் கூறமாட்டாது.

இனி, வைரசின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 2013இல் யெரமி பார், பொரெசுற்று றோவர் முதலியோர், முருகை தொட்டு மனிதர் ஈறாகப் பல விலங்குகளின் சீதத்தில் பற்றீரியாதின்னிகள் செறிந்திருத்தலைக் கண்டனர். இவற்றுட் பலவற்றின் புரதவுறையிலுள்ள உறுப்புக்கள் சீதத்தின் வெல்லச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்கின்றன. சீதத்தினூடே நுழையும் பற்றீரியாவை அவை அழிக்கின்றன. வாயிலிற் காவலர் நிற்பது போன்றது இது. இசிரவேலில் இயூசீன் உறோசன்பேர்க்கும் அவருடன் ஆய்ந்தோரும், 2007ஆம் ஆண்டளவில், முருகையைக் கொல்லும் பற்றீரியாவுக்கு எதிரான தின்னிகளைக் கடலினின்றும் பிரித்தெடுத்து, ஆய்வுத் தொட்டியிலே நோயைத் தடுத்துக் காட்டினர். தொட்டியில் இயன்றது திறந்த கடலில் எவ்வளவுக்கு இயலும் என்பது வேறு வினா. நீரோட்டம் மருந்தைக் கொண்டு செல்லும், பற்றீரியாவும் எதிர்ப்புப் பெறும்.

வைரசு என்னும் இலத்தீன் சொல்லின் பொருள் நஞ்சு என்பதாம். பெயரைக் கொண்டே குணத்தைத் துணிதல் அறிவியல் நெறியன்று. ஒரே ஊரில் ஒரு வைரசு காவலனாகவும், இன்னொன்று கள்வனாகவும், வேறொன்று தீங்கற்ற விருந்தினனாகவும் இருத்தல் கூடும். ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது ஒன்று: கடலைச் சூடேற்றுவது வைரசன்று. எரிபொருளை எரித்து வளியிற் காபனீரொட்சைட்டைப் பெருக்கியோர் மனிதரே. வைரசைக் குறைகூறுதலால் அப்பொறுப்பு நம்மை விட்டு நீங்காது. வைரசு ஆராய்ச்சி எத்துணை வளரினும், அது முருகையைக் காத்தற்குத் துணையாகலாமேயன்றி, கடலைக் குளிர்விக்கும் கடமைக்கு மாற்றாகாது. கற்கும் மாணவர் இவ்விரண்டையும் பிரித்தறிவாராயின், இத்துறையிற் கற்க வேண்டிய முதற்பாடத்தைக் கற்றவராவர்.