பச்சைத் தண்ணி குடிச்சாலும் வெயிட் போடுதா?

"ரெண்டே ரெண்டு இட்லிதான் டாக்டர் சாப்பிடறேன். பச்சைத் தண்ணி குடிச்சாக்கூட உடம்பு போடுது!"

இந்தப் புலம்பலைக் கேட்காத டாக்டர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பக்கத்திலிருக்கும் கணவர் சிரிப்பார்: "நல்லா சாப்பிட்டுத் தூங்கினா?" குற்றவாளி அந்த அம்மாவின் வாய் மட்டும்தானா?

தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கைப் பாருங்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 2015-16ல் நூற்றுக்கு 31 பேர் அதிக எடையுடன் இருந்தார்கள். 2019-21ல் அது 40 ஆகிவிட்டது. ஆண்களும் சளைக்கவில்லை, 28லிருந்து 37. நாலைந்து வருஷத்தில் இத்தனை பேர் திடீரென்று சோம்பேறியாகிவிட்டார்களா, என்ன? மாறியது வாழ்க்கை முறை!

அன்று ஆட்டுக்கல், அம்மி, தண்ணீர்க் குடம். இன்று கிரைண்டர், மிக்ஸி, வீட்டுக் குழாய். 2011ல் தொடங்கிய இலவசத் திட்டத்தால் மிக்ஸியும் கிரைண்டரும் குடிசைக்கும் வந்தன. நல்லதுதான், மறுபடி அம்மி அரைக்க யாரும் சொல்லவில்லை. ஆனால், குறைந்த உழைப்புக்கு ஈடாக நடக்கலாமென்றால் தெருவில் பிளாட்பாரம் இல்லை. "பொழுதுபோன நேரத்துல தனியா எங்கே கிளம்பிட்டே?" என்ற கேள்வி வேறு!

அடுத்தது சாப்பாடு. அரிசி, பாமாயில், சர்க்கரை ரேஷனிலேயே கிடைக்கின்றன. பழமும் காய்கறியும் வாங்கத்தான் கை கடிக்கிறது. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் மட்டும் சுமார் 45 கலோரி. "வீணாப் போகுதே" என்று அம்மா வழித்துச் சாப்பிடும் மிச்சம் மீதியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

குண்டாக இருந்தால் சத்தாக இருக்கிறாள் என்பது தப்புக்கணக்கு. அதே 2019-21 ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை! உடம்பு பருமன், ரத்தத்தில் பஞ்சம். இரண்டும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம்.

இன்றே ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதைத் தாண்டினால் சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்தால்தான் எடை குறையும். எண்ணெயைக் குறையுங்கள், தட்டில் சோற்றைக் குறைத்து கீரை, சுண்டல், காயைக் கூட்டுங்கள்.

கணவன்மார்களே! கிண்டல் போதும். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கூடவே நடக்கக் கிளம்புங்கள். உங்கள் தொப்பைக்கும் நல்லது!