பழைய மிதிவண்டிக்குப் புதிய டயர்

நாள்தோறும் வேலைக்குப் போய்வரப் பழைய மிதிவண்டி ஒன்றை உபயோகிக்கிறவர், டயர் தேய்ந்து உள்ளிருக்கும் நூல் வெளியே தெரியத் தொடங்கிய பின்பு கடைக்குச் செல்லும்போது, பழைய வண்டிக்கு எதைப் போட்டால் என்ன என்ற அலட்சியத்தோடு செல்கிறார். அல்லது, விலை கூடியதை வாங்கினால்தான் வண்டி லேசாக ஓடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, கையில் உள்ள பணம் போதுமா என்ற கவலையோடு செல்கிறார். சமதரையில் நிதானமாக மிதித்துச் செல்கிறவருடைய சக்தியில் பாதியளவைக்கூட மட்டமான டயர் விழுங்கிவிடும் என்பதால் அந்த அலட்சியம் தகாது. அந்த நஷ்டத்தைக் குறைக்கும் குணங்கள் சில நூறு ரூபாய் டயரிலேயே அமைந்திருக்கக்கூடும் என்பதால் அந்தக் கவலையும் வேண்டியதில்லை. மலிவானவற்றுள் நல்லதைப் பிரித்தறியும் சாமர்த்தியம்தான் தேவை. அதற்கு ஆதாரமான பௌதிகமும் ரசாயனமும் யாருக்கும் எட்டாதவை அல்ல.

முதலில் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். அம்பத்தூரில் தயாரான ஹெர்குலிஸ் ஆகட்டும், லூதியானாவிலிருந்து வந்த ஹீரோ ஆகட்டும், சோனிபட்டிலிருந்து வந்த அட்லஸ் ஆகட்டும், நம் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக ஓடிவரும் அந்தக் கறுப்புப் பெரிய வண்டியின் டயரில் 28 x 1½ என்று எழுதியிருக்கும். இந்த 28 அங்குலம் ரிம்மின் அளவு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது காற்றடித்த டயரின் வெளிவிட்டத்தை உத்தேசமாகக் குறிப்பது. டயரின் ஓரத்துக் கம்பி ரிம்மில் போய் அமரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். அதன் இருபுறமும் 40 மில்லிமீட்டர் பருமனுள்ள டயரைச் சேர்த்தால் 715 மில்லிமீட்டர், அதாவது 28 அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். இதே அளவுச் சக்கரத்தைத்தான் டச்சுக்காரரின் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டியிலும், சீனத்தின் 'பறக்கும் புறா' வண்டியிலும் காண்கிறோம்.

வெளிவிட்டத்தைக் கொண்டு பெயரிடும் இந்தப் பழைய வழக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு. ரிம் சிறிதாகி டயர் பருத்தாலும், ரிம் பெரிதாகி டயர் மெலிந்தாலும் வெளிவிட்டம் ஒன்றாகவே இருக்கலாம் அல்லவா? அவ்விதமே, '28 அங்குலம்' என்ற ஒரே பெயரின் கீழ் 635 மில்லிமீட்டர் ரிம்மும் உண்டு, 622 மில்லிமீட்டர் ரிம்மும் உண்டு. '26 அங்குலம்' என்ற பெயரிலோ 559, 571, 584, 590, 597 என்று ஐந்து அளவுகள் உலகில் உலவுகின்றன. கணக்கு வாத்தியாரைக் கேட்டால் 26 x 1.5 என்பதும் 26 x 1½ என்பதும் ஒன்றே என்பார். டயர் உலகத்திலோ தசமத்தில் எழுதியது 559 மில்லிமீட்டர் ரிம்முக்கும், பின்னத்தில் எழுதியது 584 மில்லிமீட்டர் ரிம்முக்கும் உரியவை, ஒன்றை மற்றொன்றின் இடத்தில் ஏற்றவே முடியாது. ஏற்ற முடியாமற் போவது கூடப் பாதகமில்லை, பணத்தோடு போயிற்று. 622 மில்லிமீட்டர் ரிம்மில் 635-க்கான டயர் சுலபமாக ஏறிவிடும், ஆனால் பிடிப்பில்லாமல் தளர்ந்து நிற்கும். காற்று ஏற ஏற ஓரிடத்தில் ரிம்மை விட்டு வெளியே பிதுங்கி, டியூப் வெடிக்கும். அது ஓடும்போது நிகழுமானால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால், அங்குலக் கணக்கை விட்டுவிட்டு, டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் புடைப்பாக இருக்கும் 40-635, 37-590 என்பது போன்ற ஜோடி எண்ணைப் பார்க்க வேண்டும். முதல் எண் டயரின் பருமன், இரண்டாவது எண் ரிம்மில் அமரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் எள்ளளவும் மாறக்கூடாது. முதல் எண், ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் இடமிருந்தால், சிறிது கூடலாம், குறையலாம். பழைய டயரில் அந்த எழுத்து அழிந்து போயிருந்தால், சக்கரத்தையே கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்வது உத்தமம்.

இனி, ஓடும் சிரமத்தின் காரணத்தைப் பார்ப்போம். காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-இலேயே காப்புரிமை பெற்றிருந்தும், அதை உலகம் மறந்துவிட்டது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியரான ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் குலுங்காமல் ஓட வேண்டுமென்று ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். குலுக்கம் குறைந்தது எதிர்பார்த்த பயன். வண்டி முன்னைவிட வேகமாகவும் ஓடியது எதிர்பாராத பயன். மறு வருஷமே அதே நகரத்துப் பந்தயங்களில் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்த டயரோடு ஓடி வென்றதும், கெட்டி ரப்பர் டயரின் காலம் முடியத் தொடங்கிற்று.

வேகம் கூடியதன் ரகசியம் இது. சுமையைத் தாங்கும் டயர், தரையைத் தொடும் இடத்தில் சப்பையாகிறது. சக்கரம் சுற்றச் சுற்ற, அதன் உடலின் ஒவ்வொரு பாகமும் அந்த இடத்துக்கு வந்து மடங்கி, கடந்தபின் நிமிர்கிறது. பிசையப்படும் மாவைப்போல் ரப்பரும் தன்மேல் செலவிட்ட சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை உஷ்ணமாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. காற்றோ, அமுக்கினால் ஏறக்குறைய அத்தனையையும் திருப்பித் தந்துவிடும். ஆகவே, சுமையில் எவ்வளவு பங்கைக் காற்று தாங்குகிறதோ அவ்வளவுக்கு நஷ்டம் குறைவு. ரப்பரும் நூலும் எவ்வளவு தடித்து விறைத்திருக்கின்றனவோ அவ்வளவுக்கு நஷ்டம் அதிகம்.

இதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் என்று கொள்வோம். நல்ல டயர், தாங்கும் எடையில் 200-இல் ஒரு பங்கை உருளும் தடையாகத் திருப்பித் தள்ளும். மட்டமான டயரோ, காற்றுக் குறைந்த டயரோ 100-இல் ஒரு பங்கைத் தள்ளும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் முன்னதற்கு 18 வாட் சக்தியும் பின்னதற்கு 37 வாட் சக்தியும் செலவாகின்றன. சாதாரண மனிதன் களைப்பில்லாமல் வெகுநேரம் தரக்கூடியது சுமார் 75 வாட் என்பதை நினைத்தால், மாலையில் வீடு திரும்புகையில் தொடை வலிப்பதற்கும் வலிக்காததற்கும் உள்ள பேதம் இந்த 19 வாட்டில் அடங்கியிருப்பது விளங்கும்.

அப்படியானால் மெல்லிய டயரே நல்லதா என்றால், அங்கேதான் ஊரும் சாலையும் குறுக்கிடுகின்றன. டயரின் உள்ளுடலான துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதைக் கொண்டு அதன் நெகிழ்ச்சியை மதிப்பிடுவார்கள். மலிவான டயரில் முப்பதுக்கு முன்பின்னும், நடுத்தரத்தில் அறுபது வரையிலும், பந்தய டயரில் நூற்றுக்கு மேலும் இருக்கும். நூல் மெலிந்து நெருக்கமானால் இடையில் நிரப்பும் ரப்பர் குறைந்து உடல் நெகிழும். ஆனால் பக்கங்கள் எளிதில் கிழியும். சீமைக்கருவேல் அடர்ந்த வண்டிப்பாதையில் தினமும் போகிற ஒருவருக்கு நடுப்பகுதி நன்றாகத் தடித்த டயரைத்தான் சொல்லுவேன். வாரத்துக்கு இரண்டு முறை பஞ்சர் ஒட்டுவதைவிடச் சில வாட் சக்தியை இழப்பது மேல். தார்ச்சாலையில் மட்டும் ஓடுகிற நகரவாசி, நடுப்பகுதி மிதமாகவும் பக்கங்கள் மெலிந்தும் உள்ளதைத் தேட வேண்டும். ஓரத்தில் எஃகுக் கம்பி உள்ள மலிவு டயருக்குப் பதில், மடித்துப் பையில் வைக்கக்கூடிய விலை உயர்ந்த ரகத்தை வாங்குவதால் நம் வண்டிக்கு லாபம் ஒன்றுமில்லை. ரிம்மே எஃகாக இருக்கும் வண்டியில் கம்பியின் எடை ஒரு பொருட்டா?

கடைக்காரர்கள் அதிகமாகப் புகழ்வது 'பட்டன்' எனப்படும் மேல் வரிகளையும் புடைப்புகளையும்தான். "பட்டன் நல்லா ஆழமா இருக்கு பாருங்கண்ணே, மழையில வழுக்கவே வழுக்காது" என்று அவர்கள் சொல்வதில் பொய் சொல்லும் எண்ணம் கிடையாது. மோட்டார் வண்டியின் நியாயத்தை மிதிவண்டிக்கும் பொருத்திவிடுகிறார்கள். அகன்ற மோட்டார் டயர், ஈரச் சாலையில் வேகமாகப் போகையில் அடியிலுள்ள நீரை வெளியேற்ற முடியாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். அதைத் தடுக்கவே அந்த வாய்க்கால்கள். மிதிவண்டி டயர் குறுகியது, வளைந்தது, தரையைத் தொடும் இடம் படகின் அடிபோல் கூர்ந்தது. விமானச் சக்கரங்களுக்கென்று கண்டறிந்த சூத்திரத்தை, சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு அழுத்தத்தில் காற்றுள்ள டயருக்குப் பொருத்தினால், அது நீரில் மிதக்க மணிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகம் வேண்டும். தார்ச்சாலையில் பிடிப்பைத் தருவது ரப்பருக்கும் தரைக்கும் உள்ள நேரான ஸ்பரிசமே. பெரிய புடைப்புகள் ஸ்பரிசத்தைக் குறைத்து, தாமும் வளைந்து நெளிந்து சக்தியை விழுங்கி, இரைச்சலும் போடும். சேற்றிலும் மணலிலும் போகிறவருக்கு அவை வேண்டும். மற்றவருக்கு ஏறக்குறைய வழவழப்பான, மெல்லிய கோடுகள் மட்டுமே உள்ள டயர் போதும். விலையிலும் அது குறைவாகவே இருக்கும்.

ஆனால் வழவழப்பு வேறு, வயது வேறு. இரண்டு வருஷம் கடை வாசலில் வெயிலில் தொங்கிய புது டயரை வாங்குவதைவிட, கிடங்கின் இருட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி வாங்குவது நல்லது. ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றில் மிகச் சொற்ப அளவில் கலந்துள்ள ஓசோன் அந்தப் பிணைப்புகளைத் தாக்கிச் சங்கிலியை அறுக்கிறது. இழுபட்டு நிற்கும் இடத்தில் அந்த அறுப்பு வெடிப்பாகத் தெரியும். இதைத் தடுக்கச் சில ரசாயனங்களையும் மெழுகையும் ரப்பரில் சேர்க்கிறார்கள். டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணமான கரித்தூள், ரப்பருக்கு உறுதி தருவதோடு சூரியனுடைய புற ஊதாக் கதிர்களையும் தானே ஏற்றுக்கொண்டு காப்பாற்றுகிறது. அழகுக்காகப் பக்கங்களை மஞ்சளாகவோ பழுப்பாகவோ விட்ட டயர்களில் அந்தப் பாதுகாப்புக் குறைவு. வெயிலில் நிற்கும் வண்டிக்கு முழுக் கறுப்பே சிலாக்கியம்.

கடையில் செய்யும் பரீட்சை இது. டயரைக் கையில் வாங்கி, பக்கவாட்டை இரண்டு கட்டைவிரல்களாலும் வெளிப்புறமாக வளைத்து, வளைவின் முதுகை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புது ரப்பர், தயக்கமில்லாமல் வளைந்து, விட்டதும் துள்ளி நிமிரும். முதுகில் கோடு தெரியாது. வயதான ரப்பர் விறைப்பாக வளையும்; முதுகில் முடிபோன்ற மெல்லிய வெடிப்புகள், வளைவின் குறுக்கே, வரிசையாகக் கண் திறக்கும். அப்படிப்பட்டதைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. பிறகு உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். நூல் முடிச்சோ, துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தடிப்போ விரலில் தட்டுப்பட்டால், அது டியூபை நாள்தோறும் தேய்த்துத் தேய்த்து ஓட்டையிடும்.

சரியான டயர் கிடைத்த பின்பும் காற்றைக் கவனியாவிட்டால் இத்தனை ஆராய்ச்சியும் வியர்த்தம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்சக்கரத்தில் இறங்குகிறது. அது 55 கிலோகிராம் என்றால், 45 பவுண்டு காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 17 சதுர சென்டிமீட்டர். காற்று 25 பவுண்டாக இறங்கினால் 31 சதுர சென்டிமீட்டர். மடங்கும் உடல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. சாதாரண ரப்பர் டியூபில் காற்று தானாகவே கசியும். பியூட்டைல் ரப்பர் டியூபில் கசிவு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. டயரில் மிச்சம் பிடித்த பணத்தை இந்த டியூபில் போடுவது புத்திசாலித்தனம். வால்வின் உள்ளே உள்ள, 'வால் டியூப்' எனப்படும் சிறிய ரப்பர்க் குழாயையும், சில காசு பெறும் பொருளாயிற்றே என்று பாராமல், புதிதாக மாற்றிவிட வேண்டும். பஞ்சர் இல்லாமலே காற்று இறங்குவதற்கு அது இற்றுப் போனதே பல தடவை காரணம். ஆனால் டயரின் பக்கத்தில் குறித்திருக்கும் எல்லைக்கு மேல் காற்றடிக்கவும் கூடாது. பழைய எஃகு ரிம்கள் டயரின் ஓரத்தைக் கொக்கிபோல் இறுகப் பிடிக்க அமைந்தவை அல்ல.

ஒரே ஒரு டயர் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், தேய்ந்தது பின்டயராகவே இருந்தாலும், புதியதை முன்சக்கரத்தில் போட்டு, முன்னாலிருந்ததைப் பின்னுக்கு மாற்ற வேண்டும். பின்டயர் வெடித்தாலோ வழுக்கினாலோ வண்டி தள்ளாடும், பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். முன்டயர் வழுக்கினால் ஹாண்டில் கையை மீறிப் போய், ஆள் விழுவது ஏறக்குறைய நிச்சயம்.

மாட்டும்போது ஜாக்கிரதை வேண்டும். பழைய டயரைத் துளைத்த முள் ரிம் நாடாவிலோ டியூபிலோ தங்கியிருக்கிறதா என்று பார்த்து, சிறிது காற்றடித்ததும் நிறுத்தி, டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டிச் சுற்றிவரும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று இருபுறமும் சோதிக்க வேண்டும். ஓரிடத்தில் அமிழ்ந்திருந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தைக் கையால் பிசைந்து சரிப்படுத்த வேண்டும். பழைய கம்பி பிரேக் ரிம்மின் உட்புறத்தை அழுத்துவதால் அதற்கும் டயருக்கும் சம்பந்தமில்லை. பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக்கானால், பிரேக் கட்டையின் மேல் விளிம்பு புது டயரை உரசாதபடி ஒரு மில்லிமீட்டர் இறக்கி, நட்டை முறுக்கிவிட்டு, அப்புறம் முழுக் காற்றையும் அடிக்கலாம்.