உங்களுக்குத் தெரியுமா? பெயின்ட் அடிக்காத மின்சார பிக்கப்!

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்லேட் நிறுவனம் அறிமுகப்படுத்திய மின்சார பிக்கப் வண்டிக்குப் பெயின்டே கிடையாது. சாம்பல் நிற பிளாஸ்டிக் உடல். வேறு நிறம் வேண்டுமானால் மேலே ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். கார் தொழிற்சாலையில் பெரும் முதலீட்டை விழுங்குவது பெயின்ட் பிரிவு. அதையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்! ரேடியோ இல்லை, தொடுதிரை இல்லை, ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். இருக்கைகள் இரண்டே. பின்பக்கம் கூடும் இருக்கையும் பொருத்தினால் ஐந்து பேர் போகும் எஸ்.யு.வி. ஆகிவிடும். அடிப்படை பேட்டரியில் சுமார் 240 கி.மீ. ஓடும் என்று அறிமுகத்தின்போது சொன்னது நிறுவனம்.

முன்பதிவுக்கு 50 டாலர்தான். சில வாரங்களிலேயே ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள். வண்டியும் விலையும் ஆண்டுக்காண்டு பெருத்துவரும் நாட்டில் எளிமைக்கு இவ்வளவு ஏக்கமா என்று வியப்பாக இருக்கிறது, மகிழ்ச்சியாகவும்தான்.

ஆனால், 20,000 டாலருக்குள் என்று சொன்ன விலை, அரசின் 7,500 டாலர் வரிச்சலுகையை நம்பிப் போட்ட கணக்கு. அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் நின்றுபோனது. 50 டாலர் கட்டியவர்களில் எத்தனை பேர் முழு விலையோடு வருவார்கள் என்பதில்தான் இந்த வண்டியின் சந்தை இருக்கிறது.