ஊட்டி உறைபனியை படம் பிடிக்க போறீங்களா? வெயில் வந்தா வேலை முடிஞ்சது!

நவம்பர் பிறந்துவிட்டால் ஊட்டிக்காரர்கள் ஸ்வெட்டரை தேடுவார்கள். வெளியூர்க்காரர்கள் கேமராவை தேடுவார்கள். பிப்ரவரி வரை நீடிக்கும் உறைபனி சீசனில் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் பச்சை புல்வெளி வெள்ளை கம்பளம் விரித்தது போல மாறிவிடும். விடியும் முன்பே ஓடிவந்து, விரல் விறைக்க விறைக்க கிளிக் செய்கிறார்கள். ஊருக்கு போய் பார்த்தால் படம் சாம்பல் பூசினது மாதிரி இருக்கிறது!

காரணம் கேமராவின் குணம். எதிரே முழுக்க வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அதுவே குறைத்து விடும். செல்போனில் எடுப்பவர்கள் பனி மேல் விரலை வைத்து தொட்டு, பக்கத்தில் தெரியும் சூரிய அடையாளத்தை லேசாக மேலே தள்ளினால் போதும். ரொம்ப தள்ளினால் பனித்துகள் எல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல அப்பிக்கொள்ளும்.

எங்கே, எப்போ?

மேகம் இருந்தாலோ காற்று அடித்தாலோ பெரும்பாலும் உறைபனி கிடையாது. வானம் தெளிவாக, காற்றே இல்லாத ராத்திரியில்தான் தரையின் சூடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனம் என்பதால் பள்ளத்தில் போய் தேங்கும். தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும்போதே, தரையோடு இருக்கும் புல் பூஜ்யத்துக்கு கீழே போய்விடும். காற்றில் உள்ள ஈரம் தண்ணீராகாமல் நேராக ஐஸ் ஆகி புல்லில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மேட்டில் ஏறி தேடாதீர்கள், பள்ளத்துக்கு போங்கள்.

நல்ல வெளிச்சம் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். முதல் வெயில் சாய்வாக பக்கத்திலிருந்தோ எதிரிலிருந்தோ விழும்போது ஒவ்வொரு துகளும் மின்னும். வெயில் ஏற ஏற எல்லாம் தண்ணி. முட்டி போட்டு புல் உயரத்துக்கு கேமராவை இறக்குங்கள். வெள்ளை மட்டுமே இருந்தால் கண் எங்கே நிற்கும்? ஒரு சிவப்பு இலை, வேலிக்கம்பி, பனி மூடிய பைக் சீட் என ஏதாவது ஒன்று வேண்டும். ரொம்ப கிட்டே போய் மூச்சு விட்டால் அந்த துகளே உருகிவிடும், உஷார்!

எடிட்டிங் என்ற பெயரில்...

வெளிச்சமான இடங்களை கொஞ்சம் குறைத்து, கறுப்பை கொஞ்சம் கூட்டினால் துகள்கள் தனித்தனியாக தெரியும். நிழலில் உள்ள லேசான நீலத்தை அழிக்க வேண்டாம், குளிரே அதில்தான் இருக்கிறது. ஆனால் சிலர் வெள்ளையை ஏற்றி ஏற்றி ஊட்டியை காஷ்மீர் ஆக்கி வாட்ஸ்அப்பில் விடுகிறார்கள். அதை நம்பி குழந்தை குட்டியோடு பஸ் ஏறி வருகிறவர்கள் "ஸ்னோ எங்கே?" என்று கேட்டு ஏமாறுகிறார்கள். இது வானத்திலிருந்து கொட்டும் பனி இல்லை, தரையில் படியும் பனி.

படத்தை திருத்துவது புதுசும் இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, 1885-லேயே ஒற்றை பனித்துகளை மைக்ராஸ்கோப் வைத்து படம் பிடித்தார். 1931-ல் சாகும்வரை 5 ஆயிரத்துக்கும் மேல் எடுத்தார். துகள் பளிச்சென தெரிய, நெகட்டிவில் சுற்றிலும் சுரண்டி பின்னணியை கறுப்பாக்குவார். 

தேயிலைக்குள் கால் வைக்காதீங்க

உங்களுக்கு அழகாக தெரியும் அதே பனி, சிறு தேயிலை விவசாயிக்கு வயிற்றெரிச்சல். பனி பட்ட கொழுந்து வெயில் வந்ததும் கருகிவிடும். செடி மறுபடி துளிர்க்கும் வரை பறிக்க இலை இருக்காது. பறிக்கிறவர்களுக்கு கூலியும் குறையும். இந்த நிலையில் படத்துக்காக தோட்டத்துக்குள் புகுந்து மிதித்தால், தப்பித்த செடியும் போச்சு. உறைந்த புல்லும் மிதித்தால் நொறுங்கும், கால் தடம் அப்படியே கருப்பாக நிற்கும். ஓரமாக நின்று எடுங்கள். உள்ளே போகணும்னா தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் இன்னொன்றை சட்டைப்பைக்குள் உடம்பு சூட்டில் வைத்துக்கொள்ளலாம். திரும்பி ரூமுக்குள் நுழையும் முன் கேமராவை பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் வேர்த்துவிடும். அரை மணி நேரம், ஒரு டீ குடித்த பிறகு கவரை பிரித்தால் போதும்.